கரையில் நின்ற இரண்டு படகுகள்

லூக்கா நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தைப் பங்கு மக்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கெனசரேத்து ஏரிக்கரையில் இரண்டு படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டவர் அவ்விரண்டில் ஒன்றில், சீமோனுடையதில், ஏறி அமர்கிறார். அதில் ஏன் ஏறினார், மற்றதில் ஏன் ஏறவில்லை என்பதை லூக்கா சொல்லவில்லை. பூந்தமல்லிக் குருமடத்தில் பயின்ற நாளில் தூய அகுஸ்தினார் தந்த விளக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு படகு விருத்தசேதனம் பெற்ற யூத மக்களையும், மற்றது பிற இனத்தாரையும் குறிக்கும் என்பது அவர் கருத்து. அழகான விளக்கம். ஆயினும் படகு வாங்கப் போகிறவனுக்கு அதனால் பயன் ஏதுமில்லை என்பதைச் சென்ற ஆண்டுக் கோடையில்தான் உணர்ந்தேன்.

விமான இரைச்சல் ஓயாத ஊர் நங்கநல்லூர். ஒருநாள் இரவுச் செபம் முடித்துப் படுக்கப் போகும் வேளையில் கனடாவிலிருந்து தம்பி அழைத்தான். அங்கே அப்போது பகல் ஒரு மணி. கைபேசிக்கு இரண்டு படங்களை அனுப்பியிருந்தான். இரண்டும் விற்பனைக்கு வந்த பழைய படகுகள். ஒன்று 18 அடி நீளம், கண்ணாடியிழையால் ஆனது, வெண்மையும் கருநீலமுமாக மின்னியது. அணியத்திலும் மெத்தை வைத்த இருக்கைகள். இஞ்சின் படகின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. பவ்ரைடர் என்று இதற்குப் பெயராம். மற்றது 16 அடி அலுமினியப் படகு. சாம்பல் நிறம், குறுக்கே பலகைகளைப் போல இருக்கைகள், அமரத்தில் 40 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்தபின் மனைவி மக்களோடு ஏரியில் உலாவிவர ஒரு படகு வாங்க வேண்டும் என்பது அவனுடைய பல ஆண்டு ஆசை. "அண்ணே, ரெண்டுல எது?" என்று கேட்டான்.

நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. "அலுமினியம்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதைப் பார்த்தா தொழிலுக்குப் போற மாதிரி இருக்கு அண்ணே" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வளவு விரைவாக விடை சொன்னதற்காக வெட்கப்பட்டேன்.

எங்கள் ஊர் கோவளம். 1808-இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த மீனவர் குடியிருப்பு. தந்தையார் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் கட்டுமரம் என்று யாரும் நீட்டிச் சொல்வதில்லை. மரம் என்றால் அதுதான். விடியுமுன் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளுவார்கள். திரும்பி வந்ததும் கட்டவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் அலையில் மந்தமாகும். ஆதலால் இந்தக் கட்டுவதும் அவிழ்ப்பதும் நாள்தோறும் நடக்கும். (தம்பியின் மூத்த மகள் 'கட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்பதை நம்ப மறுத்துவிட்டாள். அவள் பார்த்த கட்டமரன் இரட்டை உடல் கொண்ட பந்தயப் பாய்க்கப்பல். அதற்கும் பெரியப்பா சொல்லும் நான்கு கட்டைகளுக்கும் என்ன உறவு என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.)

1984-இல் எங்கள் ஊருக்கு வடக்கே, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறை ஒன்றைத் திறந்தது. எனக்கு அப்போது 15 வயது, தம்பிக்கு 12. சென்னையிலிருந்து கார்களில் வந்த குடும்பங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு மோட்டார் படகில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துக்கொண்டே இறங்குவதைக் கரையில் நின்று இருவரும் பார்த்தோம். காசு கொடுத்துப் படகில் ஏறுவார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. மாலையில் தந்தையாரிடம் சொன்னபோது அவருக்கும் விளங்கவில்லை. "மீன் பிடிக்கறாங்களா?" என்றார். இல்லை என்றோம். "அப்ப எதுக்குப் போறாங்க?" என்றார். தம்பி மட்டும், "சும்மா, அப்பா. சும்மா போறாங்க" என்றான். அந்தச் 'சும்மா' என்ற சொல்லை அவன் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு நான் குருமடத்துக்குப் போனேன். 1988-இல், தந்தையாரோடு மரத்துக்குப் போக ஆள் வேண்டும் என்பதால் தம்பி பள்ளியை விட்டு நின்றான். ஆறு ஆண்டுகள் கடலுக்குப் போனான். நான் மெய்யியலும் இறையியலும் பயின்ற அதே ஆண்டுகள் அவை. விடுமுறைக்கு வரும்போது அவன் உள்ளங்கையைத் தொட்டால் காய்த்திருக்கும். 'நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவன் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நன்றி என்றாவது சொல்லியிருப்பேன். 1994-இல் வளைகுடா நாட்டுக்குப் போனான், பின்னர் கனடாவுக்கு. இப்போது டொரொண்டோ மாநகரின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன்.

ஆகவே, அழகிய படகுக்கு அவன் ஆசைப்பட்டதும், பாதுகாப்பானதை வாங்கு என்று நான் சொன்னதும் வெறும் படகுப் பேச்சு அன்று. தொழிலுக்குப் போகாத அண்ணன், தொழிலுக்குப் போன தம்பிக்குத் தொழில் படகைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

இதை ஒருநாள் மாலை பங்கு மக்கள் சிலரிடம் சொன்னேன். பெரியவர் ஒருவர், "அப்படியே நமக்கும் ஒரு படகு சொல்லிவிடுங்கள் ஃபாதர், ஐப்பசியில் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைக்கு ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் 2015 டிசம்பரை நினைத்தவர்களுக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. கடலோர ஊர்களிலிருந்து மீனவர்களின் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து வேளச்சேரித் தெருக்களில் மிதக்கவிட்ட நாள்கள் அவை. படகு என்பது உல்லாசப் பொருளா, தொழிற்கருவியா, உயிர் காக்கும் பலகையா என்பது நீர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது போலும்.

ஆகஸ்டு மாதம் ஒரு மாத விடுப்பில் கனடாவுக்குப் போனேன். அம்மா இரண்டு ஆண்டுகளாகத் தம்பியோடு இருக்கிறார். வயது 80. முழங்கால் வலி, மற்றபடி நினைவும் நாவும் கூர்மைதான். நான் குருவான நாள்முதல் பிறர் முன்னிலையில் என்னைச் 'சாமி' என்றுதான் அழைப்பார். வாங்க போங்க என்றே பேசுவார். வீட்டுக்குள் பழைய பெயர், பழைய அதட்டல்.

முதல் வாரமே மிட்லண்ட் நகரிலுள்ள மறைசாட்சிகள் திருத்தலத்துக்குப் போனோம். டொரொண்டோவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆண்டுதோறும் கோடையில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெருந்திரளாகக் கூடும் இடம் அது. 1649-இல் அந்தப் பகுதியில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு ஜான் தெ பிரெபேயும் அவர் தோழர்களும் 1930-இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கியூபெக்கிலிருந்து அங்கு வர அவர்களுக்கு இருந்த ஒரே வழி பூர்ச்சமரப் பட்டையால் ஆன சிறு தோணி. வாரக்கணக்கில் நீளும் பயணம். பின்னால் வரவிருந்த இளம் குருக்களுக்காக 1637-இல் பிரெபே சில அறிவுரைகளை எழுதினார். அதில் இறையியலைவிடத் தோணி அதிகம். ஏறும்போதும் இறங்கும்போதும் மற்றவர்களைக் காக்க வைக்காதீர்கள், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், தண்ணீரையும் மணலையும் தோணிக்குள் கொண்டுவராதீர்கள், வெறுங்காலோடு ஏறுங்கள், தொடர்ந்து வலிக்க முடியாவிட்டால் துடுப்பைத் தொடவே வேண்டாம் — இவ்வாறு போகிறது. இதைத் தம்பிக்குச் சொன்னேன். "சாமியாருங்கள்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கு" என்றான்.

அங்கிருந்து திரும்பும் வழியில் சிம்கோ ஏரி. டொரொண்டோவுக்கு வடக்கே, 700 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. நம் கண்ணுக்கு அது ஏரியே அன்று, உப்பில்லாத கடல். எதிர்க்கரை தெரியாத இடங்கள் உண்டு. தெற்கு ஓரம் ஆழமற்றது. காற்று சற்றே வலுத்தால் குட்டையான, நெருக்கமான அலைகள் சட்டென்று எழும். கலிலேயாக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தத் திடீர்ப் புயலைச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏரிக்கரையில்தான் அதன் சாயலைக் கண்ணால் கண்டேன். காலையில் கண்ணாடி, பிற்பகலில் கொதிக்கும் உலை.

இரண்டு படகுகளும் அந்த ஏரியை ஒட்டிய இரு ஊர்களில், அவரவர் வீட்டு முற்றத்தில், இழுவை வண்டிமேல் நின்றன. முதலில் பவ்ரைடர். உண்மையைச் சொன்னால் நேரில் பார்த்ததும் நானும் மயங்கினேன். சாய்மானம் வைத்த இருக்கைகள். வயதான ஒருவர் முதுகு வலிக்காமல் உட்காரலாம். பிள்ளைகள் மூவரும் அணியத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டார்கள். உடல் கனமாகவும் அடிப்புறம் கூர்மையாகவும் இருப்பதால் அலையை மோதாமல் கிழித்துப் போகும். தாங்கும் அளவு 8 பேர் என்று அதிலிருந்த தகட்டில் பொறித்திருந்தது. 6 மீட்டருக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு திறனுள்ள மோட்டார் என்று காட்டும் தகடு கனடாவில் இருக்கும். நம் ஊர்ப் படகுத்துறைகளில் இப்படியொரு தகட்டை யாராவது படித்துப் பார்த்து ஏறுகிறோமா என்று எண்ணிக்கொண்டேன்.

தம்பி மெத்தைகளைப் பார்க்கவில்லை. படகைச் சுற்றி வந்தான். அமரத்துக்குப் போய் முழங்காலிட்டு, நடுவிரல் முட்டியால் பின்பலகையைத் தட்டினான். ஒரு சாண் நகர்ந்து மீண்டும் தட்டினான். காதை அருகே வைத்துக்கொண்டான். எனக்கு மெய் சிலிர்த்தது. தந்தையார் புதுக் கட்டை வாங்கும்போது இப்படித்தான் தட்டுவார், இதே முகம், இதே பாதி மூடிய கண்.

கண்ணாடியிழைப் படகு என்றாலும் அந்நாளில் செய்தவற்றில் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரம் இருக்கும். இஞ்சினின் இழுப்பையெல்லாம் தாங்குவது அதுதான். திருகாணி வழியாக நீர் கசிந்து உள்ளே ஊறினால் வெளியே பளபளப்பு மாறாது. உள்ளே மரம் உளுத்துப்போகும். நல்ல இடத்தில் தட்டினால் 'டக்' என்று தெளிவாகக் கேட்கும். ஊறிய இடத்தில் 'தொப்' என்று அடங்கும். கீழ்ப்பகுதியில் இரண்டு முழ அகலத்துக்கு அடங்கிய ஒலியே கேட்டது. தம்பி எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டான். விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை.

அலுமினியப் படகில் தட்டிப் பார்க்க அதிகம் இல்லை. அடியில் தண்ணீர் ஊற்றி ஆணித்தையல்களில் கசிகிறதா என்று பார்த்தான். ஓரிடத்தில் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. "இது நம்ம கையிலயே அடைச்சிடலாம்" என்றான். மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது. தம்பி மனைவிக்கு நீச்சல் தெரியாது, அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கவிழ்ந்தா என்ன ஆகும்?" உல்லாசப் படகு விற்பவர் யாரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை, கேட்க வேண்டிய முதல் கேள்வியோ இதுதான். தம்பி விளக்கினான். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்த விதி ஒன்று உண்டு. அவுட்போர்டு மோட்டார் பொருத்திய படகு முழுவதும் நீர் நிறைந்தாலும் ஏறக்குறைய மட்டமாக மிதந்து ஆட்களைத் தாங்க வேண்டும். அதற்காகவே இருக்கைகளுக்கு அடியில் ஃபோம் என்னும் நுரைப்பொருளை அடைக்கிறார்கள். இஞ்சின் உள்ளே இருக்கும் படகுக்கு விதி அவ்வளவு கடுமையாக இல்லை. பற்றிக்கொள்ள ஏதேனும் ஒரு பகுதி நீருக்கு மேல் நின்றால் போதும். தவிர, உள்ளே தேங்கும் பெட்ரோல் ஆவி வெளியேறக் குறைந்தது 4 நிமிடம் விசிறியை ஓடவிட்ட பிறகே அந்த இஞ்சினை முடுக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன் அதன் நீரையெல்லாம் வடிக்காவிட்டால் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

"தண்ணி நிறைஞ்சாலும் முழுகாது. நம்ம மரம் மாதிரி" என்று அம்மா சொன்னார். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். கட்டுமரத்தில் நீர் நிறைவதற்கு இடமே இல்லை. ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கவிழலாம், ஆனால் அமிழாது. சுனாமிக்குப் பிறகு தந்தையாருக்கு நிவாரணமாக ஒரு ஃபைபர் படகில் பங்கு கிடைத்தது. இறக்கும்வரை அதை 'டப்பா' என்றே சொன்னார். அவர் சொன்னதன் பொருள் அந்த மேசையில்தான் எனக்குப் புலப்பட்டது.

நுரைப்பொருள் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1986-இல் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, கினோசார் குடியிருப்பைச் சேர்ந்த இரு சகோதரர்கள் சேற்றில் புதைந்திருந்த பழங்காலப் படகு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது, 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். 12 வகை மரங்கள் அதில் இருந்தன. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள், ஏழையின் படகு. ஈரத்தில் நைந்த அந்த மரத்தைத் தூக்கினால் உதிர்ந்துவிடும் என்பதால், பாலியூரித்தேன் நுரையைச் சுற்றிலும் பொதித்து, மீண்டும் நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் அது மிதந்தது நுரையின் தயவால். இதை நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் உறங்கப் போயிருந்தார்கள்.

சிறு படகைத் தேர்ந்தெடுப்பதில் திருச்சபைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டத்தில் பியர் கில்லே என்ற பெல்ஜிய நாட்டவர், கரையில் இழுத்தேற்றக்கூடிய சிறிய ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்க உழைத்தார். அந்த அனுபவத்தை 1985-இல் நூலாகவும் வெளியிட்டார். பெரிய படகைக் கொடுப்பது எளிது, அம்மக்களுக்குப் பொருந்தும் சிறிய படகைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

இனித் தகட்டுக்கு வருகிறேன்; சிக்கல் அங்கேதான் இருந்தது. அலுமினியப் படகின் தகடு 5 பேர் என்றது. தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள் மூவர், அம்மா — 6 பேர். நான் வந்தால் 7.

"ஒருத்தர்தானே கூட, சின்னப் பிள்ளைதானே" என்று தம்பி மனைவி மெல்லச் சொன்னாள். இயல்பாக வரும் பேச்சு. நாம் எல்லோரும் ஆட்டோவில் ஏறும்போது சொல்வது. ஆனால் தம்பியும் நானும் ஒரே நேரத்தில் 'கூடாது' என்றோம். 2011 டிசம்பர் 25-ஐ எங்கள் கடற்கரையில் யாரும் மறந்துவிடவில்லை. பழவேற்காட்டு ஏரிக்குக் கிறிஸ்துமஸ் நாளில் குடும்பமாக உல்லாசப் பயணம் வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். காலையில் பாலன் பிறப்பைக் கொண்டாடிவிட்டு மாலையில் அந்தச் செய்தியைக் கேட்டோம். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே 7-இல் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்து உல்லாசப் படகாக ஓட்டியதில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, மீண்டும் 22 பேர். இவற்றில் எந்தப் படகும் மீன் பிடிக்கப் போகவில்லை. சும்மா போனவை. சும்மா போகிறவர்கள்தாம் நீரைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.

தம்பி தாளில் கணக்குப் போட்டான். கையிலிருந்த பணத்துக்குக் குறையில்லாத வேறொரு பவ்ரைடர் கிடைக்காது; கடன் வாங்க வேண்டும். அவனுடைய வண்டியால் அதை இழுக்கவும் முடியாது. வண்டியையும் மாற்ற வேண்டும். அலுமினியம் என்றால் இவை ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பம் முழுவதும் ஒன்றாக ஏற முடியாது. எல்லோரும் ஒன்றாகப் போகத்தானே படகு என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை விரைந்து சொன்னது போதும்.

அப்போது அம்மா சொன்னார்: "நான் கரையில நிக்கறேன். எனக்கு அது பழக்கம்தானே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பருப்பு வேகவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். கோவளத்தில் 40 ஆண்டுகள் அவர் கரையில் நின்றிருக்கிறார். மாலையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையைக் கண்ணுக்கு மேல் குவித்து, தொடுவானத்தில் தெரியும் பாய்களை எண்ணுவார். எல்லாம் திரும்பிவிட்டால் 'மாதாவே' என்று ஒரு சொல். ஒன்று குறைந்தால் பேச்சே இல்லை. ஒருநாளேனும் மரத்தில் ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. கணவனுடைய மரத்தையும் பிறகு மகனுடைய மரத்தையும் அவர் அறிந்தது மணலிலிருந்து மட்டுமே.

தம்பி பேனாவை வைத்துவிட்டான். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அலுமினியத்தையே வாங்கிடுவோம்" என்றான். "ஆனா முதல் நடையில அம்மா ஏறணும். நிக்கறவங்க வேற யாராவது நிக்கட்டும்."

படகு அந்த வாரமே வந்தது. கசிந்த ஆணிகளை அவனே அடைத்தான். நடு இருக்கையில் சாய்மானமுள்ள மடக்கு நாற்காலி ஒன்றைத் திருகாணி போட்டுப் பொருத்தினான். படகோட்டும் தகுதிக்கான தேர்வை முன்பே எழுதி அட்டை வாங்கியிருந்தான். ஆறு ஆண்டுகள் கடலில் கிடந்தவன் பள்ளிப் பிள்ளையைப் போலக் கணினி முன் உட்கார்ந்து எழுதினானாம். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட் ஒன்று இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டம் 'இருக்க வேண்டும்' என்கிறது. தம்பி 'போட்டுக்கொள்ள வேண்டும்' என்றான். அம்மாவின் சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் அதைப் பூட்டியபோது, "சாமி, பூசை உடுப்பு மாதிரி இருக்கே" என்றார்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிறகு, காற்று எழுமுன் ஏரிக்குப் போனோம். மிதவைத் துறையில் அம்மாவைத் தம்பி இரு கைகளாலும் தூக்கி நாற்காலியில் அமர்த்தினான். பிள்ளைகள் மூவரும் ஏறினார்கள். ஐந்து பேர். தம்பி மனைவியும் நானும் துறையில் நின்றோம். அவள் கையில் செபமாலை. தம்பி கயிற்றை அவிழ்த்து என்னிடம் எறிந்தான். பிடிக்கத் தெரியாமல் பாதியை நீரில் விட்டேன், அவன் சிரித்தான். மோட்டாரை மெல்ல முடுக்கினான். அம்மா இரு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தார். கரைப்பக்கம் திரும்பவே இல்லை. அறுபது எழுபது அடி போனபின் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

படகு நாணற்புதரைத் தாண்டி வளைந்து கண்ணுக்கு மறைந்தது. தம்பி மனைவி பரலோக மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, "எவ்வளவு நேரம் ஆகும் சாமி?" என்றாள். அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தான் என்றேன். வெயில் ஏறியது. நெற்றியில் கையைக் குவித்துக்கொண்டேன். வெகுதூரத்தில் வெள்ளைப் பாய்களும் வேறு படகுகளும் தெரிந்தன, நம்முடையது தெரியவில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நாணலுக்கு அப்பாலிருந்து முதலில் மோட்டாரின் ஒலி வந்தது. பிறகு சாம்பல் நிற அணியம். தலைகளை எண்ணினேன். ஆரஞ்சு நிறத்தில் ஐந்து. கிட்டே வந்ததும் இன்னொரு முறை எண்ணினேன்.